பசடீனாவில் இருக்கும் தேவகிக்கு

செந்தூல், கோலாலம்பூர்
ஜூன் 2025

அன்புள்ள தேவகி,

ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பிடித்த காட்டுத்தீயைப் பற்றி நீ எழுதிய கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் நீ கைப்பட எழுதியதைப் படித்த பிறகுதான் எவ்வளவு கலங்கிப் போயிருக்கிறாய் என்று தெரிந்தது. "என் வீடு நிற்கிறது, நாலு தெரு தள்ளி ஒன்றுமே இல்லை. கடையில் தெரிந்தவர்களைப் பார்த்தால் முகம் கொடுக்க முடியாமல் வேறு பக்கம் போய்விடுகிறேன்" என்று எழுதியிருந்தாய். அப்படிப் போகாதே தேவகி. வீடு இழந்தவர்களுக்கு உன் கூச்சம் தெரியாது. நம்மைப் பார்க்கப் பிடிக்காமல் ஒதுங்குகிறாள் என்றுதான் நினைப்பார்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஏன் சொல்கிறேன் என்று பின்னால் எழுதுகிறேன்.

இங்கே கோயிலில் உன்னைப் பற்றி விசாரிக்காத ஆள் இல்லை. "அது நடிகர்களும் கோடீஸ்வரர்களும் இருக்கிற ஊர்தானே, அவர்களுக்கென்ன" என்று ஒருவர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. உட்கார வைத்து விளக்கினேன். அதே நாளில் இன்னொரு தீ பிடித்த பாலிசேட்ஸ் பக்கம் வசதியானவர்கள் அதிகம், சரி. ஆனால் ஈட்டன் தீ என்கிறார்களே, அது அழித்த, உன் பசடீனாவை ஒட்டியிருக்கும் ஆல்டடீனா அப்படிப்பட்ட ஊரா? கறுப்பின மக்களுக்கு மற்ற இடங்களில் வீடு விற்க மறுத்த காலத்தில், ஆசிரியர்களும் தபால்காரர்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கிய வீடுகள் அவை, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கைமாறி வந்தவை என்று சொன்னேன். அந்த ஒரு தீயில் மட்டும் 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போய்விட்டன என்றதும் அவர் பேசாமல் கேட்டார்.

"அவ்வளவு பெரிய நாடு, விமானத்தில் தண்ணீர் கொட்டி அணைக்க முடியாதா?" என்று அடுத்த கேள்வி. இரண்டு வருஷம் நல்ல மழை பெய்து புல்லும் புதரும் மண்டிக் கிடந்ததையும், போன வருஷம் மே மாதத்துக்குப் பிறகு மழையே இல்லாமல் அத்தனையும் காய்ந்து கிடந்ததையும், பாலைவனப் பக்கமிருந்து மலை தாண்டி இறங்கும் சாண்டா ஆனா காற்றையும் பற்றி நீ எழுதியதையெல்லாம் சொன்னேன். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் விமானம் எப்படிப் பறக்கும்? அன்று இரவு எல்லாவற்றையும் தரையிறக்கிவிட்டார்கள். அப்புறம் மெக்சிகோவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் வந்ததையும், சிறைக் கைதிகள் பல நூறு பேர் தீக்கு எதிரே நின்றதையும் சொன்னபோது கோயில் மண்டபத்தில் ஒரு சத்தமில்லை.

என் மனசை விட்டுப் போகாதது வேறு ஒன்று. உங்களுக்கு ஜனவரி 7ஆம் தேதி சாயங்காலம், எங்களுக்கு மறுநாள் காலை. தீ பிடித்துச் சுமார் ஒரு மணி நேரத்தில் ஆல்டடீனாவின் லேக் அவென்யூ சாலைக்குக் கிழக்கே வெளியேறும் உத்தரவு போய்விட்டது. மேற்கே இருந்தவர்களுக்கு அது போனது விடியற்காலை மூன்றரை மணிக்குப் பக்கத்தில். ஈட்டன் தீயில் இறந்தவர்கள் அநேகமாக எல்லாரும் அந்த மேற்குப் பக்கத்துக்காரர்கள். பலர் வயதானவர்கள், சிலர் நடக்க முடியாதவர்கள்.

நான் இத்தனை வருஷம் தாதியாக வேலை பார்த்தவள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைக் காரில் ஏற்ற என்னென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். விரிப்போடு சேர்த்துத் தூக்க வேண்டும். சர்க்கரை மருந்து, பிரஷர் மருந்து, ஆக்சிஜன் இருந்தால் அதை எடுக்க வேண்டும். இருட்டில், மின்சாரம் போன வீட்டில், புகைக்கு நடுவே இதைச் செய்ய வேண்டும். கைபேசிக்கு வரும் எச்சரிக்கையை நம்பி எழுபது எண்பது வயதுக்காரர்களை விட்டது எனக்குப் பொறுக்கவே இல்லை. இரவில் காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிறவருக்குக் கைபேசி அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன?

அதனால் ஒன்று கேட்கிறேன், இதைத் தள்ளிப் போடாதே. உன் தெருவில் யார் தனியாக இருக்கிறார்கள், யாரால் நடக்க முடியாது, யார் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, யாரிடம் பெரிய கார் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வை. பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேரிடமும் அந்தத் தாள் இருக்கட்டும். உத்தரவு வரும் வரை காத்திருக்காமல் போய்க் கதவைத் தட்டுவதற்கு ஆள் வேண்டும். கோடை வந்துவிட்டது, காற்றும் மறுபடி வரும்.

சரி, இங்கே சிலாங்கூரில் புத்ரா ஹைட்ஸ் குடியிருப்புப் பகுதியில் நடந்த விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாவது நாள். காலை எட்டு மணி தாண்டியதும் பூமிக்கடியில் போகும் எரிவாயுக் குழாய் வெடித்தது. 30 மீட்டருக்கு மேல் எழும்பிய நெருப்பு மத்தியானம் தாண்டியும் எரிந்தது. 80க்கும் மேற்பட்ட வீடுகள் முழுக்கப் போய்விட்டன. தெருவில் நின்ற கார்களின் விளக்கெல்லாம் உருகி வழிந்து கிடந்ததை நானே பார்த்தேன். காட்டுத்தீ இல்லைதான். ஆனால் பெருநாள் சட்டையோடு வெறுங்காலில் ஓடி வந்து நிற்கிறவருக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆகப்போகிறது? பக்கத்தில் இருந்த பள்ளிவாசலும் காளியம்மன் கோயிலும் உடனே கதவைத் திறந்துவிட்டன. எங்கள் மகளிர் குழுவும் சமையலுக்குப் போனது.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? இரண்டாவது நாளே பழைய துணி மலை மாதிரி குவிந்துவிட்டது. அதைப் பிரித்து அடுக்கவே பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். ஆனால் ஒரு மலாய்க்காரப் பாட்டி கையில் விண்ணப்பப் பாரத்தை வைத்துக்கொண்டு வெகுநேரமாக அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ன மாக்சிக் என்று போய்க் கேட்டேன். மூக்குக் கண்ணாடி எரிந்துவிட்டது, எழுத்துத் தெரியவில்லை என்றார். அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வீட்டுக் கடன் தாள் எல்லாம் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் மறுபடி பாரம் நிரப்ப வேண்டும். ஆனால் படிக்கக் கண்ணாடி இல்லை. எங்கள் குழுவில் ஒருத்தி மலிவுக் கடைக்கு ஓடிப்போய்ப் பல பவரில் கண்ணாடி வாங்கி வந்தாள். மேசையில் பரப்பி வைத்ததும் ஆண்களும் பெண்களுமாக வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேசை காலி. கைபேசி சார்ஜர், பிரஷர் மாத்திரை, சரியான அளவில் உள்ளாடை, இவற்றைக் கேட்கத்தான் எல்லாருக்கும் வாய் வரவில்லை.

மேலே நான் சொன்னதன் காரணமும் அங்கே கிடைத்ததுதான். வீடு தப்பிய பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தினமும் வந்து, சும்மா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எரிந்த வீட்டுக்காரர்களோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். பெரிதாக எதுவும் கொண்டு வரமாட்டார். அவர் வருவதற்குள் நாலு பேர் அவரை விசாரிப்பார்கள். நீயும் அப்படிப் போ தேவகி. கடையில் பார்த்தால் நின்று பேசு. எங்கே தங்கியிருக்கிறார்கள், இன்றைக்கு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள். பாரம் நிரப்பிக் கொடு. நீதான் கணக்கர் ஆச்சே. இன்சூரன்ஸ்காரனுக்கு வீட்டில் இருந்த ஒவ்வொரு சாமானையும் பட்டியல் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். இழந்த ஒவ்வொன்றையும் நினைத்து விலை போடுவது எவ்வளவு கொடுமை! பக்கத்தில் உட்கார்ந்து நீ எழுது, அவர்கள் சொல்லட்டும்.

புகையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நமக்குப் புகைமூட்டம் புதிதில்லை. 1997இல் சரவாக்கில் அவசரநிலை போட்டதும், 2013இல் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 700ஐத் தாண்டியதும் உனக்கு நினைவிருக்கும். இந்த வருஷமும் காய்கிற மாதங்கள் தொடங்கிவிட்டன, சுமத்ரா பக்கம் எரிய ஆரம்பித்தால் இங்கே ஆஸ்துமாக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். ஆனால் உன் வீட்டுக்குள் வந்தது அந்தப் புகை இல்லை. பழைய வீடுகளின் ஈயம் கலந்த பெயிண்ட், ஆஸ்பெஸ்டாஸ், கார் பேட்டரி எல்லாம் எரிந்த சாம்பல் அது. துடைப்பத்தால் கூட்டாதே, பறக்கும். ஈரத்துணியால் துடை, அதையும் கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு செய். கூரைக்கடியில் வைத்திருக்கும் பஞ்சு மாதிரியான அடைப்பில் சாம்பல் தங்கியிருக்கும், அதைச் சோதிக்காமல் "வீடு நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதிக் கொடுக்காதே. தோட்டத்து மண்ணையும் ஈயத்துக்குச் சோதித்துப் பார். உங்கள் மாவட்டமே இலவசமாகச் செய்து கொடுக்கிறது என்று படித்தேன். பேரன் வந்தால் மண்ணில் விளையாட விடாதே, சோதனை முடிவு வரட்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. எரிந்த மனைகளை வாங்க ஆட்கள் வருகிறார்கள், "ஆல்டடீனா விற்பனைக்கில்லை" என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் நாம் வளர்ந்த ரப்பர் தோட்டம்தான் கண்முன் வந்தது. முதலாளி தோட்டத்தை மேம்பாட்டுக்காரருக்கு விற்றதும் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் கையில் கொஞ்சம் காசோடு பூச்சோங், காஜாங், கிள்ளான் என்று திசைக்கொருவராகப் போனோம். யாரும் நம் வீட்டை எரிக்கவில்லை. ஆனாலும் அந்த ஊர் அன்றோடு முடிந்தது. எங்கள் அம்மா மலிவு அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் கண்ணை மூடினார்கள். அவர்களோடு விடியற்காலையில் பால்மரம் சீவப் போன பெண்களில் பாதிப் பேருக்குச் சேதி எட்டியதே காரியம் முடிந்த பிறகுதான். லயமாக இருந்திருந்தால் அழுகைச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு அத்தனை பேரும் வந்து நின்றிருப்பார்கள். உனக்கு இது தெரியும். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால்தான் உங்கள் ஊர்க்காரர்கள் திரும்பி அதே தெருவுக்கு, அதே பக்கத்து வீட்டாருக்கு நடுவே வர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. வீடு கட்ட வருஷக்கணக்காகும். அதுவரை ஒரு பக்கம் வாடகை, ஒரு பக்கம் எரிந்த வீட்டுக் கடன். தங்கும் செலவுக்கு இன்சூரன்ஸ் கொடுப்பதும் ஒரு நாள் நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் கை தளர்ந்து மனையை விற்பார்கள். ஜனவரியில் கொட்டிக் கொடுத்த ஊர் அப்போது அவர்களை மறந்திருக்கும். உதவி தேவைப்படுவது அப்போதுதான். ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள். வீடு எழும்பும் வரை அவர்களை விடாதே.

வாடகைக்கு இருந்தவர்களையும் மறக்காதே. அவர்களுக்குத் திரும்பி வர மனைகூட இல்லை. உன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அந்த குவாத்தமாலாக்கார அம்மாவுக்கு வேலை கொடுத்த வீடுகள் எல்லாம் ஒரே இரவில் போய்விட்டன என்று எழுதியிருந்தாய். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. பசடீனாவின் தினக்கூலித் தொழிலாளர்கள்தான் முதல் வாரத்திலேயே துடைப்பமும் மண்வாரியும் எடுத்துக்கொண்டு தெருக்களைச் சுத்தம் செய்தார்கள் என்று செய்தியில் பார்த்தேன். தங்கள் பிழைப்புப் போன நேரத்தில் அதைச் செய்தார்கள். கும்பிடத் தோன்றியது.

வீட்டுச் செய்தி சுருக்கமாக. மகன் ஜொகூருக்கு மாற்றலாகிவிட்டான். என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறுவதுதான் சிரமம். மருமகள் மாசமாக இருக்கிறாள், அக்டோபரில் நாள். ஆல்டடீனாவில் சாண்டா ரோசா தெருவின் தேவதாரு மரங்கள் பிழைத்துக்கொண்டன என்று நீ எழுதியதை எல்லாரிடமும் சொன்னேன். அந்த மரங்களுக்குக் கீழே நாம் எடுத்த படத்தைத் தேடி எடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் மாசம் பத்து வெள்ளி, இருபது வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டு ஒரு தொகை சேர்த்திருக்கிறோம். டாலராக மாற்றினால் பெரிதாக இருக்காது. முதலில் அந்தக் குவாத்தமாலாக்கார அம்மாவின் வாடகைக்குக் கொடு, மிச்சத்தை நீ எடுத்துக்கொள்ளும் குடும்பத்துக்குக் கொடு. மாசாமாசம் அனுப்புவதாகத்தான் பேசியிருக்கிறோம், ஒரு தடவையோடு நிறுத்தமாட்டோம். வங்கி விவரத்தை அனுப்பு. அந்த அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், என்ன வயசு என்றும் கேட்டு எழுது. இங்கே பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன் அன்புள்ள,
வசந்தா