பாப்பா வார்டுல பெத்தவங்கள பார்வையாளர் கணக்குல சேக்காதீங்க: கலெக்டர் ஐயாவுக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: விசைத்தறி தொழிலாளி (பேரு, முகவரி, போன் நம்பர் தனித்தாள்ல இருக்குங்க)

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: அரசு ஆஸ்பத்திரி பச்சிளங்குழந்தை வார்டுக்குள்ள அம்மா அப்பாவை விடுறது, கொழந்த டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் அம்மாவுக்கு தங்க எடமும் சாப்பாடும் குடுக்கறது சம்பந்தமா.

ஐயா வணக்கம்ங்க.

திங்கக்கிழமை மனு நாள்ல நேர்ல வந்து குடுக்கோணும்னுதான் ரெண்டு வாரமா பாக்கறேன், ஷிப்ட்ட விட்டுட்டு வந்தா அன்னிக்கு கூலி போச்சு, ஏற்கனவே பாதி நாள் லீவு போட்டு ஓனர்கிட்ட வாங்கின அட்வான்ஸ் வேற ஏறிக்கெடக்கு, அதனால போன்லயே டைப் பண்ணி அனுப்பறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

என் சம்சாரத்துக்கு 31 வாரத்துலயே பிரஷர் ஏறி ஆபரேஷன் பண்ணித்தான் கொழந்தைய எடுத்தாங்க. பொம்பளப்புள்ள, 1 கிலோ 380 கிராம். இன்னிக்கு எம்புள்ள வீட்டுல தொட்டில்ல தூங்குதுன்னா அந்த ஆஸ்பத்திரி டாக்டருங்களும் நர்சம்மாக்களும்தான் காரணம், ஒத்த பைசா யாருக்கும் குடுக்கல, அத மொதல்லயே சொல்லிர்றேன். இது யாரையும் மாட்டிவிட எழுதற மனு இல்லீங்க. அதனாலதான் ஆஸ்பத்திரி பேரக்கூட இதுல போடல.

என் கொற ஒண்ணே ஒண்ணுதான். 34 நாள் எம்புள்ள உள்ள இருந்துச்சு, அந்த 34 நாளும் கதவுல ஒட்டியிருந்த அட்டைப்படி நானும் எம் பொண்டாட்டியும் "பார்வையாளர்". காலைல 11ல இருந்து 12, சாயங்காலம் 4ல இருந்து 5. அதுலயும் ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம். பக்கத்து வீட்டுக்காரங்க ஆப்பிள் வாங்கிட்டு வந்து எட்டிப்பாத்துட்டு போற மாதிரி பெத்தவளும் எட்டிப்பாத்துட்டு போகோணும்.

மாடி வார்டுல தையல் வலியோட படுத்துக்கெடந்தவ கொழந்தைய மொத தடவ பாத்ததே மூணாம் நாளுங்க. வீல்சேர்ல தள்ளிட்டு போனேன். கால் என் சுண்டுவெரல் தண்டி இருந்துச்சு, நீல லைட்டுக்கு கண்ணக் கட்டி வெச்சிருந்தாங்க, வாய்வழியா ஒரு டியூப், கால்ல ஒரு டேக், அதுல "பேபி ஆஃப்"னு போட்டு எம் பொண்டாட்டி பேரு. அவ அந்த டேக்க மட்டும் வெரலால தடவிட்டு இருந்தா, கொழந்தைய தொடலாமா கூடாதான்னு யாரும் சொல்லல, இவளும் கேக்கல. டைம் ஆச்சுன்னாங்க, வந்துட்டோம்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பால் வேணும்னு சொல்லுவாங்க. எவர்சில்வர் கிண்ணத்த கொதிக்க வெச்சு, அவ பீச்சிக் குடுக்க, மேல டேப் ஒட்டி பேரும் நேரமும் எழுதி, நான் கீழ கேட்டுக்கு தூக்கிட்டு ஓடுவேன். மொத நாள் அஞ்சு மில்லி கூட வரல. செக்யூரிட்டி அண்ணன் கிண்ணத்த வாங்கி உள்ள குடுப்பாரு, கதவ சாத்துவாரு. ஒரு நாளைக்கு பத்து தடவ கிண்ணம் உள்ள போகுது, பெத்தவ போகக்கூடாது. இது என்ன கணக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலீங்க.

பன்னெண்டாம் நாள் நைட் டூட்டிக்கு வந்த ஒரு நர்சம்மா, "இங்க வா கண்ணு"ன்னு எம் பொண்டாட்டிய உள்ள கூப்பிட்டு, வளையல், மஞ்சக்கயிறு, கையில கட்டியிருந்த கருப்புக்கயிறு எல்லாம் கழட்டச் சொல்லி, முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவ வெச்சு, சேர்ல சாஞ்சு உக்காரச் சொல்லி கொழந்தைய நெஞ்சுமேல தோலோட தோலா வெச்சு துணியச் சுத்தி கட்டிவிட்டாங்களாம். தலைக்கு குல்லா, காலுக்கு சாக்ஸ், அவ்ளோதான். ரெண்டு மணி நேரம் அசையாம தூங்குச்சாம் புள்ள. சும்மா சும்மா கத்திட்டு இருந்த அந்த மெஷினு கூட அன்னிக்கு அமைதியா இருந்துச்சுன்னு இவ இன்னும் சொல்லிட்டே இருக்கா. ரெண்டு நாள் இப்படி வெச்சதுல பத்து மில்லி வந்துட்டு இருந்த பால் கிண்ணம் நெரம்பற அளவுக்கு வர ஆரம்பிச்சுது. மூணாம் நாள் டூட்டி மாறுச்சு. ரூலும் மாறிப்போச்சு, மறுபடி வெளிய.

நான் ஒரு தடவ, நானும் அப்படி வெச்சுக்கட்டுங்களான்னு கேட்டேன், சிரிச்சுட்டாங்க. அதுல சிரிக்க என்ன இருக்குதுங்க, என் ஒடம்புலயும் சூடு இருக்குதுல்ல.

எட்டாம் நாளே அம்மாவ டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. தாய்க்கு சரியாயிருச்சு, பெட் வேணும், அதுவும் நியாயம்தான். ஆனா ஊரு 50 கிலோமீட்டர், ரெண்டு பஸ் மாறோணும், தையல் போட்ட வயித்தோட எப்படி வந்து வந்து போவா? அதனால எங்க மாமியாரும் அவளும் வேப்பமரத்தடி திண்ணையிலயும் மழை வந்தா வெளிநோயாளி சீட்டு குடுக்கற வராண்டாவுலயும் பேப்பர் விரிச்சு படுத்தாங்க. எல்லாரும் நடமாடற எடத்துல சேலைய மூடிட்டு பால் பீச்சினா. பஸ் ஸ்டாண்டுல கூட 2015லயே பாலூட்டற ரூம் கட்டிக் குடுத்த கவர்மெண்டுங்க நம்மளது, பால் இல்லாத கொழந்தைக்கு தாய்ப்பால் வங்கி வெச்சிருக்கற கவர்மெண்டு. ஆனா உள்ள கொழந்த கெடக்குற ஆஸ்பத்திரியிலயே அம்மாவுக்கு ஒரு மூலை இல்ல. சாப்பாடும் அப்படித்தான், பிரசவத்துக்கு வர்ற அம்மாவுக்கு இலவசமா சாப்பாடு குடுக்கற, 2011ல வந்த ஜனனி சிசு திட்டத்துல சுகப்பிரசவம்னா 3 நாள், ஆபரேஷன்னா 7 நாள்னு கணக்கு. கொழந்தைக்கு வைத்தியம் தொடருது, அந்தக் கொழந்தைக்கு பால் குடுக்கறவளுக்கு எட்டாம் நாள்ல இருந்து சோறு இல்ல.

ஏன் உள்ள விடறதில்லைன்னு கேட்டா கிருமி தொத்தும்னு சொல்றாங்க. நானும் பயந்து வாய மூடிட்டு இருந்தேன். எங்க அத்த பொண்ணு வேற மாவட்டத்துல ஸ்டாஃப் நர்ஸ், அதுதான் சொல்லுச்சு, மாமா எங்க வார்டுல அம்மாக்கள் உள்ளதான் இருப்பாங்க, நாங்களே கத்துக்குடுப்போம்னு. அப்பறம் வாட்ஸ்அப்ல ஒரு புக்கு அனுப்புச்சு. 2017ல மத்திய சுகாதாரத்துறையே போட்ட வழிகாட்டி, குடும்பம் சேந்து கொழந்தைய பாத்துக்கறது பத்தி. டெல்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில செஞ்சு பாத்துட்டு நாட்டுக்கே சொன்னதாம். கை கழுவறது, உள்ள வர்ற முறை, பால் குடுக்கறது, நெஞ்சுல அணைச்சு வெச்சுக்கறது, ஆபத்து அறிகுறி பாக்கறதுன்னு வீடியோ போட்டு பெத்தவங்களுக்கு சொல்லிக்குடுத்து உள்ள விடோணும்னு அதுல இருக்கு. எங்கள பழக்கி விடுங்கன்னுதான் கவர்மெண்டே சொல்லுது, பூட்டி வைங்கன்னு இல்ல.

இந்த நெஞ்சோட வெச்சுக்கற முறைக்கு கங்காரு பராமரிப்புன்னு பேரு. வசதியான நாட்டு சமாச்சாரம்னு நெனச்சுராதீங்க, கொலம்பியாவுல போகோட்டாங்கற ஊர்ல 1978ல, கொழந்தைங்க வைக்கற இன்குபேட்டர் பத்தாம நெருக்கடியில இருந்த ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சது. உலக சுகாதார நிறுவனம் நம்ம டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியையும் ஆப்பிரிக்காவுல நாலு நாட்டையும் சேத்து ஒரு ஆராய்ச்சி பண்ணி 2021ல முடிவு சொன்னாங்க. 1 கிலோவுல இருந்து 1 கிலோ 799 கிராம் வரைக்கும் பொறந்த கொழந்தைங்கள, அதாவது எம் பொண்ணு எடையில இருக்கறதுங்கள, தேறட்டும்னு காத்திருக்காம பொறந்த உடனே அம்மா நெஞ்சுல வெச்சாங்க. மொத 28 நாள்ல, பழைய முறையில நூத்துக்கு 15.7 கொழந்த இறந்துச்சு, இந்த முறையில 12. கிருமித்தொத்து சந்தேகமும் அம்மாகூட இருந்த கொழந்தைங்களுக்குத்தான் கொறைவு. 2022ல கொறமாச கொழந்தைங்களுக்கு இத ஒரு நாளைக்கு 8 மணியில இருந்து 24 மணி நேரம் வரைக்கும் செய்யலாம்னு உலகத்துக்கே சொல்லிட்டாங்க. நமக்கு இங்க அஞ்சு நிமிஷம்.

நர்சுங்கள குத்தம் சொல்லவே மாட்டேன். ஒருத்தங்க எத்தன கொழந்தைய பாப்பாங்க, ஒரு பக்கம் ஒண்ணு நெளியறப்ப இன்னொரு பக்கம் பாலாடைல பால் ஊத்திட்டு இருப்பாங்க. அந்த பாலாடைய புடிக்க எங்களுக்கு சொல்லிக்குடுத்தா அவங்களுக்கும் ஒரு கை கூடும்ல. வீட்டுக்கு வந்தப்ப அதத்தான் செய்யச் சொன்னாங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்கு பத்து நிமிஷத்துல சொல்லிக்குடுத்தாங்க, மொத ராத்திரி புள்ளைக்கு பொரை ஏறி நாங்க ரெண்டு பேரும் செத்துப் பொழச்சோம்.

அதனால ஐயா, அந்த கதவுல இருக்கற நேர அட்டை சொந்தக்காரங்களுக்கு இருக்கட்டும், அம்மா அப்பாவுக்கு வேண்டாம்னு ஒரு உத்தரவு போடுங்க. கை கழுவ பழக்கி, கவுன் குடுத்து, அம்மாவ எந்நேரமும், அப்பாவ முறை வெச்சாவது விடச் சொல்லுங்க, எந்த டூட்டி வந்தாலும் அதே ரூல் இருக்கோணும். சாஞ்சு உக்காற நாலு சேர், பால் பீச்ச ஒரு மறைவு. கொழந்த உள்ள இருக்கற வரைக்கும் அம்மாவுக்கு ஒரு பெட்டும் மூணு வேள சாப்பாடும். ஒரு நாளைக்கு ஒரு தடவ எடை என்ன, பால் எவ்ளோ போகுதுன்னு டாக்டரோ நர்சோ ரெண்டு நிமிஷம் நின்னு சொன்னா போதும், செக்யூரிட்டி மொகத்த பாத்து நாங்களா அர்த்தம் பண்ணிக்க வேண்டியதில்ல.

எம் பொண்ணு 1 கிலோ 760 கிராம்ல வீட்டுக்கு வந்தா, இப்ப 2 கிலோ 300. எங்களுக்கு இனி அந்த வார்டு வேல இல்ல, கண் பரிசோதனைக்குத்தான் போறோம். போன வாரம் போனப்ப அதே வேப்பமரத்தடியில ஒரு புள்ள, இருவது வயசு கூட இருக்காது, கிண்ணத்துக்கு டேப் ஒட்டிட்டு இருந்துச்சு.

டிஸ்சார்ஜ் சம்மரி நகல் வெச்சிருக்கேன், விசாரணைக்கு கூப்பிட்டா ஷிப்ட்ட மாத்திட்டு வந்துர்றேன், ரெண்டு நாள் முன்ன சொன்னா போதும்ங்க.

இப்படிக்கு
பாப்பாவோட அப்பா