அம்முணிக்கு, ஆபீஸ் முகவரிக்கு

கண்ணு,

ஆபீஸுக்குக் கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. வாட்ஸப்பில் இவ்வளவு நீளம் எனக்கு டைப் அடிக்க வராது, உன் வீட்டு முகவரி எழுதி வைத்த நோட்டையும் காணோம், அதனால் இங்கே அனுப்புகிறேன். வேறு காரணம் இல்லை.

போன வாரம் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்கப் போனேன். இ-சேவை மையத்துப் பெண் என் பத்து விரலையும் ஒவ்வொன்றாக அந்தக் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பார்த்தாள், ஒன்றில்கூட ரேகை விழவில்லை. இருபது வருஷம் கட்டிங் டேபிளில் துணியை விரித்துத் தடவித் தடவி எல்லாம் தேய்ந்துபோச்சு. கடைசியில் போனை முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க தாத்தா" என்றாள். சிமிட்டினேன், எடுத்துக்கொண்டது. எனக்கு 59 வயசுதான் ஆகிறது, தாத்தாவாம்.

நீ அன்று போனில் கணக்குக் கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள். பி.எஃப். பென்ஷன் 2,640. பதினாறு வருஷ சர்வீஸுக்கு அவ்வளவுதான் வரும். சம்பளத்தையும் சர்வீஸையும் பெருக்கி எழுபதால் வகுக்கிறார்கள், சம்பளம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வதும் 15,000-க்கு மேல் போகாது, 2014-க்கு முந்தின வருஷங்களுக்கு வெறும் 6,500. உன் கல்யாணக் கடன் போக மிஞ்சிய பி.எஃப். மூன்று லட்சத்தைத் தபால் ஆபீஸில் போட்டிருக்கிறேன், 7.4 சதவீதம், மாதம் 1,850 வருகிறது. அம்மாவுக்கு உரிமைத் தொகை 1,000. ஆக 5,490. வாடகை 5,500. பத்து ரூபாய்தான் குறைகிறது!

சிரிக்கத்தான் சொன்னேன். அரிசி ரேஷனில் வந்துவிடுகிறது, அம்மாவின் சர்க்கரை மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மற்றதுக்கு நான் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போகிறேன், ஷிப்டுக்கு 750. 2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் நம் துணிக்கு 50 சதவீதம் வரி போட்டதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் இருந்தால் பெரிது. சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கும்போதே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். போன வாரம் இரண்டு ஷிப்ட்.

"ரிடையர் ஆனபிறகும் எதற்கு மாமா போகிறீர்கள்" என்று தீபாவளிக்கு மாப்பிள்ளை கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். நான் பொழுது போகவில்லை என்றேன். உன் பெரியப்பாவுக்கு அந்தக் கேள்வி பொருந்தும், 94-ல் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தவர், பழைய பென்ஷன், அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் எனக்குப் போன் பண்ணிச் சொல்வார். எங்களைப் போன்ற கம்பெனி ஆட்கள் வேலையை விட்டால் கூலியும் அன்றைக்கே நின்றுவிடும். இன்னும் ஐந்து வருஷமாவது நிற்க முடியும் என்று நினைக்கிறேன். முழங்கால் மட்டும் சாயங்காலமானால் கொஞ்சம் படுத்துகிறது. அதற்குப் பிறகு என்ன என்று சில ராத்திரி யோசிப்பேன், அப்புறம் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பேன்.

நீ கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதே. புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள். எத்தனை அவசரம் என்றாலும் எடுக்காதே, மாப்பிள்ளையிடமும் சொல்லு.

உன்னிடமிருந்து மாதா மாதம் ஒண்ணாம் தேதி வந்துகொண்டிருந்த 8,000, போன மாதம் 3,000, இந்த மாதமும் 3,000, அதுவும் பதினாலாம் தேதி. அதைக் கேட்கவில்லை, கண்ணு. பெங்களூரில் வாடகை என்ன, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் என்ன என்று எனக்குத் தெரியாதா. தீபாவளிக்கு வந்தவள் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய், அதையும் கேட்கவில்லை. ஆனால் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே இப்போதெல்லாம் ம்யூட் போடுகிறாய். அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போய்விடும், நான் ஹலோ ஹலோ என்றிருப்பேன், பிறகு வந்து "சொல்லுங்கப்பா" என்பாய். குரல் மாறியிருக்கும். நீ சின்னதில் ஸ்கூலில் அடி வாங்கிக்கொண்டு வந்தாலும் வாயைத் திறக்கமாட்டாய், அம்மா தலை பின்னும்போது பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள். அந்த அழுத்தம் எங்கள் பக்கத்துக் குணம்.

இனி சொல்வதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

2003-ல் மில் மூடினார்கள் இல்லையா, அப்போது பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 92,000 வந்தது. மில் ஆபீஸ் கிளார்க் படித்துப் படித்துச் சொன்னார், பென்ஷன் பணத்தை எடுக்காதே, பத்து வருஷம் ஆகவில்லை என்றாலும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வை, அடுத்த கம்பெனி சர்வீஸோடு சேர்ந்துவிடும் என்று. கேட்கவில்லை, அதையும் துடைத்து எடுத்தேன். இன்று மில்லில் இருந்த அந்த எட்டு வருஷமும் சேர்ந்திருந்தால் இருபது வருஷம் தாண்டியதற்கு இரண்டு வருஷம் போனஸும் கிடைத்து மாதம் ஆயிரத்துச் சொச்சம் கூட வந்திருக்கும்.

அந்தப் பணம் உன் படிப்புக்குப் போகவில்லை. நூற்றுக்கு மூன்று வட்டி என்று ஒரு பைனான்ஸ்காரரிடம் கொடுத்தேன். ஏழு மாதம் வட்டி வந்தது, எட்டாவது மாதம் போய்ப் பார்த்தால் போர்டே இல்லை. பி.எஃப். எடுத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன் என்று உன்னிடமும் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் பெருமையாகச் சொன்னவன் நான். 2008-ல் உன் முதல் வருஷப் பீஸ் அம்மாவின் அட்டிகை. தேய்ந்துவிட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னாளே, அதுதான். மீதி பாங்க் லோன், அதை நீயே வேலைக்குப் போய்க் கட்டினாய். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் சபையில் அப்படிச் சொன்னபோது பக்கத்திலேதான் வெற்றிலைத் தட்டோடு நின்றாள், வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை.

எங்கப்பா இருந்ததையெல்லாம் எனக்குக் கொட்டிவிட்டார், நான் செய்யாமல் யார் செய்வது என்று நீ அங்கே யாரிடமாவது வாதாடிக்கொண்டிருந்தால், அந்த வாதத்தை விட்டுவிடு. அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அனுப்ப முடிந்தால் அம்மா கணக்குக்கு அனுப்பு, முடிந்தது போதும். முடியாத மாதம் முடியவில்லை என்று ஒரு வரி போடு.

பி.எஃப். விஷயம் மறந்துவிடாதே. எடுக்காதே, மாற்றிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா உழவர் சந்தைக்குப் போய்விடுவாள், வர ஒன்பதரை ஆகும். ஒன்பது மணிக்குக் கூப்பிடு. நான்தான் எடுப்பேன். ம்யூட் போடாதே.

அப்பா