பழி மாவுச்சத்துக்கு மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழின் உடல்நலப் பக்கத்தில் 'மாவுச்சத்தை அடியோடு நிறுத்துங்கள், கொழுப்பை அளவு பார்க்க வேண்டியதில்லை, தொப்பை தானாகக் கரையும்' என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மாவுச்சத்தும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என்பது உங்களுக்குத் தெரியாததா? பிறகு எந்தத் தைரியத்தில் அளவு பார்க்க வேண்டாம் என்று அச்சில் போட்டீர்கள்?

நான் கோபப்படக் காரணம் இருக்கிறது. முன்பு இதே பக்கத்தில் வந்த இதே மாதிரி யோசனையை நம்பித்தான் என் அக்கா தானியம், கிழங்கு, பருப்பு, பழம் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டார். முதலில் எடை மளமளவென்று இறங்கியது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு கரையும்போது அதோடு சேர்ந்திருக்கும் தண்ணீரும் போய்விடும், ஆரம்ப எடைக்குறைவில் பெரும்பகுதி அதுதான் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம் மலச்சிக்கல். நார்ச்சத்து இல்லாமல் பெருங்குடல் என்ன செய்யும்? கடைசியில் ஒரு ராத்திரி, கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்ட பிறகு, வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கட்டில் ஓரத்தில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்கேனில் பித்தப்பைக் கல். எடை வேகமாகக் குறையும்போது ஈரல் பித்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூடுதலாகத் தள்ளும், அதனால் கல் சேரும் வாய்ப்பு அதிகம், கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், கல் இருந்தால் வலிக்கும் என்று மருத்துவர் விளக்கினார். கல்லை உங்கள் கட்டுரைதான் உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எச்சரிக்கை சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் உற்சாகம் மட்டும் ஊட்டினீர்கள்.

எல்லா மாவுச்சத்தும் ஒன்றா என்ன? வேகவைத்து ஆறவைத்த கிழங்கில் உள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை போய் அங்கிருக்கும் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. இனிப்புப் பானத்தில் இருக்கும் சர்க்கரையோ கிடுகிடுவென ரத்தத்தில் ஏறுகிறது, அதில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை வகையின் சுமை பெரும்பாலும் ஈரல் தலையில்தான் விழுகிறது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் இதே பக்கம்தான் கொழுப்பே விஷம் என்று எழுதியது. அதை நம்பி, கொழுப்பு நீக்கியது என்று எழுதியிருந்த, சர்க்கரை கொட்டிய பிஸ்கட்டுகளை நல்லது என்று நினைத்து வாங்கி அடுக்கினோம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடம்பு உறிஞ்சக் கொழுப்பு வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சர்க்கரைத் தொழில்துறை பணம் கொடுத்து, பழியைக் கொழுப்பின் பக்கம் திருப்பும் ஆய்வுக் கட்டுரை ஒன்றை 1967-ல் வரவழைத்த கதை 2016-ல் வெளியானபோதும் உங்கள் இதழில் ஒரு வரி இல்லை. பழச்சாறு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று எழுதினீர்கள். பழச்சாற்றுச் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிறது, அந்தச் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2015-லேயே சொல்லிவிட்டது. அப்போதும் கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, பரவாயில்லை, ஒரு பதிலாவது போட்டிருக்கலாம்.

2018-ல் வெளியான ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறு பாதிக்கு மாவுச்சத்தையும் குறைத்து ஒரு வருடம் பார்த்தார்கள், எடைக்குறைவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதையெல்லாம் தேடிப் படிப்பது வாசகன் வேலையா, ஆசிரியர் குழு வேலையா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் திருத்தம் போடுங்கள்: கொழுப்புக்கும் அளவு உண்டு, பித்தப்பைக் கல் உள்ளவர்களும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தை நிறுத்தக் கூடாது. இரண்டு வரிதான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட கால வாசகன்