பூட்டு வாங்கும் அதிகாரிகளுக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு திறந்த மடல்

அரசு அலுவலகங்கள், பள்ளிகள், ரேஷன் கடைகள், கோயில்களுக்குப் பொருள் வாங்கும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

திண்டுக்கல் பூட்டு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் மூத்தவர்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எத்தனையோ கிட்டங்கிக் கதவுகளில் தொங்கியது அதுதான். 2019இல் பழநி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே ஆகஸ்டில் எங்கள் பூட்டுக்கும் கிடைத்தது. அதுவும் உங்களுக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் எங்கள் வட்டாரத்து அலுவலகம் ஒன்று பூட்டுகளுக்கு விலைப்புள்ளி கேட்டது. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மாதிரிக்கு ஒரு மாங்காய்ப் பூட்டை எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். பூட்டை யாரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வருட விற்றுமுதல் கணக்கு இருக்கிறதா, ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆர்டர் ஓர் ஏஜென்சிக்குப் போனது. வந்து இறங்கியவை இயந்திரத்தில் செய்த வடநாட்டுப் பூட்டுகள். கதவில் இருந்த பழைய திண்டுக்கல் பூட்டுகளை, நன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தவற்றையும் சேர்த்து, எடைக்குப் போட்டார்கள்.

அந்த மூன்று வருடக் கணக்கைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். பெரியவர் இரும்புத் தகட்டைக் கையில் இருக்கும் காசுக்கு வாங்குகிறார். வெட்டி, வளைத்து, பூட்டுக்குள் நகரும் சிறு தகடுகளான லீவர்களை ஒவ்வொன்றாக அரம் போட்டு, அந்தப் பூட்டுக்கென்றே சாவி செய்கிறார். முடிந்த பூட்டை வியாபாரி எடுத்துக்கொண்டு உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார். கடையில் பில் போடுவது வியாபாரி பெயரில். பெரியவர் பெயரில் எந்தக் காலத்திலும் ஒரு ரசீது எழுதப்பட்டதில்லை. சின்ன வயதிலிருந்து அரம் பிடித்த மனிதர், தான் பூட்டு செய்கிறவர் என்பதற்கு ஒரு தாளைக்கூடக் காட்ட முடியாமல் வெளியே வந்தார். வரும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய மகன் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறார். பட்டறைக்கு வா என்று எந்த முகத்தோடு அவர் மகனைக் கூப்பிடுவார், சொல்லுங்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: உங்கள் துறைகள் வாங்கும் பூட்டுகளில் ஒரு பங்கைத் திண்டுக்கல் பட்டறைகளிலிருந்து நேரடியாக வாங்குங்கள்.

விலை கூடுதல் என்பீர்கள். உண்மைதான், முழுக்கக் கையால் செய்வதால் உத்தரப் பிரதேசத்து அலிகார் பூட்டை விடக் கூடத்தான் செய்யும். ஆனால் எங்கள் பூட்டு பழுதானால் பிரித்து, லீவர் மாற்றி, மறுபடி கதவில் மாட்டலாம். மலிவுப் பூட்டு கெட்டால் உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதுதான் வாங்க வேண்டும். அந்தச் செலவை எந்த விலைப்புள்ளியிலும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டு இங்கே செய்கிறார்கள். உண்டியலுக்கும் கிட்டங்கிக்கும் அதைவிடப் பொருத்தமானது எது?

இது புதுமையான யோசனையும் இல்லை. 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தால் நெசவாளர்களுக்கு வருடா வருடம் வேலை கிடைக்கிறது. பள்ளிச் சீருடைத் துணியைக் கூட்டுறவுச் சங்கங்களில் நெய்ய வைத்து வாங்குவதும் இதே அரசுதான். துணிக்கு முடிந்தது பூட்டுக்கு ஏன் முடியாது? அறநிலையத் துறையின் பொறுப்பில் மட்டும் 40,000க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. அதில் சிறு பகுதி திண்டுக்கல் பக்கம் திரும்பினாலே இங்கே இருக்கிற பட்டறைகளுக்குக் கை கொள்ளாது.

பூட்டோடு இது நிற்கவில்லை. விருந்தினருக்குப் பரிசு கொடுக்கப் பத்தமடைப் பாயைத் தேடுகிறோம், அலுவலகத் தரையில் பிளாஸ்டிக் பாயை விரிக்கிறோம். 2014இல் 'மேக் இன் இந்தியா' என்று அறிவித்தார்கள். உள்ளூரில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவர்களிடம் வாங்க ஆள் இல்லை. புவிசார் குறியீடு, வேறு ஊர்க்காரர் எங்கள் பெயரைப் பயன்படுத்தாமல் தடுக்கும். ஒரு பூட்டைக்கூட விற்றுத் தராது. கண்காட்சியில் மேசை போட்டுப் பூட்டை அடுக்கி வைத்தால் தொழில் பிழைத்துவிடும் என்று நினைப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

சரி, கோபத்தை விட்டுவிட்டு மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். பூட்டில் ஒரு பங்கைத் திண்டுக்கல்லில் வாங்குங்கள். தனி ஆளிடம் விற்றுமுதல் கணக்கைக் கேட்காமல், பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக ஆர்டர் கொடுங்கள். ஆயிரம் பூட்டை ஒரு வாரத்தில் கேட்டால் எங்களால் முடியாது. ஜூனில் பள்ளி திறக்க வேண்டுமென்றால் ஜனவரியிலேயே சொல்லிவிடுங்கள். தகடு வாங்க ஒரு பகுதி முன்பணம் தாருங்கள், மீதியை மாதக்கணக்கில் இழுக்காமல் கொடுங்கள்.

உங்களில் யாராவது ஒருவர் நேரம் ஒதுக்கினால், மாதிரிப் பூட்டுகளோடு பெரியவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். இந்த முறை பூட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
திண்டுக்கல் பூட்டுக் கடைக்காரர் ஒருவர்