மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய மனிதவளத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் தரமணி முதல் சிறுசேரி வரை வரிசையாக நிற்கும் மென்பொருள் நிறுவனங்களில் ஆளெடுக்கும் பொறுப்பில் இருக்கும் உங்கள் அனைவருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன். பதினொரு ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பணியில் இருப்பவள் நான். இதுவரை எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில், என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள்கூட முதலில் கேட்டவை மூன்றுதான்: கரண்ட் சி.டி.சி. (எனக்காக இப்போதைய நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) எவ்வளவு, எக்ஸ்பெக்டட் (நான் எதிர்பார்ப்பது) எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் (விலகல் கடிதம் கொடுத்தபின் வேலை செய்ய வேண்டிய காலம்) எத்தனை நாள்.

இவற்றுள் முதல் கேள்வியை நீங்கள் கைவிட வேண்டும், அந்த வேலைக்கு ஒதுக்கியிருக்கும் சம்பள வரம்பை நீங்களே முதலில் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.

குழந்தை பிறந்தபின் இரண்டு ஆண்டுகள் வேலையை விட்டிருந்துவிட்டுத் திரும்பியபோது, ஒரு நிறுவனத்தில் இரண்டு தொழில்நுட்பச் சுற்றுகளையும் நன்றாகவே முடித்தேன். மூன்றாவது சுற்றில் உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு பெண்மணி எதிர்பார்ப்பைக் கேட்டார். ஆண்டுக்கு 14 லட்சம் என்றேன். கடைசியாக வாங்கியதைக் கேட்டார், 7.2 என்றேன். கைப்பேசியில் கணிப்பானைத் திறந்து 1.3 ஆல் பெருக்கி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 9.36. "முப்பது சதவீதத்துக்கு மேல் எங்கள் பாலிசியில் இல்லை மேடம்" என்றார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் கையில் வேறு அழைப்பும் இல்லாத நிலையில் ஒப்புக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து, அதே குழுவில் அதே வேலையைச் செய்யும், என்னைவிட மூன்றாண்டு அனுபவம் குறைந்த தம்பி ஒருவர் 13 லட்சம் வாங்குகிறார் என்பது மதிய உணவு மேசையில் தெரிய வந்தது. அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவருடைய பழைய சம்பளம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

பாலின அடிப்படையில் ஊதியத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. அதன் இடத்தைப் பிடித்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. நீங்கள் யாரும் பெண் என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பதில்லை என்றே நம்புகிறேன். ஆனால் மகப்பேற்றுக்காக நின்றவள், ஒரே நிறுவனத்தில் ஆறேழு ஆண்டு இருந்துவிட்டவள், சிறிய ஊரில் குறைந்த சம்பளத்தில் தொடங்கியவர் ஆகிய எல்லோருடைய பழைய குறையையும் முப்பது சதவீதக் கணக்கு அப்படியே புதிய வேலைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத்தான் அது இரகசியம். துண்டுக்குள் இரண்டு கைகளும் ஒன்றையொன்று அறியும். போன முறை இந்த மாடு என்ன விலைக்குப் போனது என்பதற்குச் சீட்டு எதுவும் அங்கே கேட்பதில்லை. பல்லைப் பார்க்கிறார்கள், சுழியைப் பார்க்கிறார்கள், நடத்திப் பார்க்கிறார்கள். உங்கள் அறையிலோ என் கை மட்டும்தான் துண்டுக்குள் இருக்கிறது.

இதில் சி.டி.சி. என்ற கணக்கின் குழப்பம் வேறு. 12 லட்சம் என்று நீங்கள் சொன்னால் மாதம் ஒரு லட்சம் என்றுதான் புதிதாக வருபவர் நினைப்பார். அதில் 1,20,000 ரூபாய் நிறுவனத்தின் இலாபத்தையும் மேலாளரின் மதிப்பீட்டையும் பொறுத்த வேரியபிள் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்றால், அதன் 12 சதவீதமான 72,000 நிறுவனத்தின் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது, 4.81 சதவீதமான 28,860 பணிக்கொடை என்ற பெயரில் ஒதுக்கப்படுகிறது; காப்பீட்டுக்கு ஒரு 15,000. எஞ்சியதில் என் பங்கு வைப்பு நிதி இன்னொரு 72,000, தொழில் வரி 2,500. எல்லாம் போக, வருமான வரியே இல்லையென்றாலும், மாதம் கையில் வருவது ஏறத்தாழ 74,000. நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டு முடித்தால்தான் பணிக்கொடை கிடைக்கும். இரண்டே ஆண்டில் கிளம்புகிறவருக்கு அந்தத் தொகை தாளில் மட்டும் சம்பளம். ஆகவே சம்பள வரம்பைச் சொல்லும்போது, மாதம் கையில் எவ்வளவு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று நீங்கள் சொல்ல இடமில்லை. உங்களில் பலருடைய நிறுவனங்களுக்குக் கலிபோர்னியாவிலும் அலுவலகம் உண்டு; அங்கே விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பது 2018 முதல் சட்டப்படி தவறு, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமென்றால் விளம்பரத்திலேயே சம்பள வரம்பை அச்சிடுவது 2023 முதல் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் இதே வழியில் ஒரு நெறிமுறையை இயற்றியது. அவ்வளவு தூரம் போவானேன்? அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கையில் ஒவ்வொரு பதவிக்கும் ஊதிய நிலை எண்ணோடு அச்சாகிறது. தியாகராய நகர்த் துணிக்கடை வாசலில் 'ஆட்கள் தேவை' என்று தொங்கும் அட்டையிலும் சம்பளம் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் 'தொழில்துறை வழக்கப்படி' என்று எழுதுகிறீர்கள்.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. தொண்ணூறு நாள் நோட்டீஸில் இருந்தபடியே மூன்று நான்கு ஆஃபர் கடிதங்களைச் சேர்த்து ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஏற்றுகிறவர்களும், சேரும் நாளன்று தொலைபேசியை அணைத்துவிடுகிறவர்களும், சம்பளச் சீட்டையே திருத்துகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். திருத்துவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒருவருடைய மதிப்புக்குப் பழைய சீட்டும் அடுத்த நிறுவனத்தின் கடிதமும் மட்டுமே சான்று என்று ஆக்கியது உங்கள் பெருக்கல் கணக்குத்தான் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என நினைக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு நிறுவனத்தின் இணைய விண்ணப்பத்தில் தற்போதைய சம்பளத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன். சிவப்பு எழுத்தில் மறுத்தது. பூஜ்யம் இட்டேன், சரியான தொகையை நிரப்பச் சொன்னது. எதிர்பார்ப்புக் கட்டத்தில் 22 லட்சம் என்று எழுதிவிட்டு முந்தைய கட்டத்துக்குத் திரும்பி வந்து, அப்படியே மூடிவிட்டேன். உங்கள் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று காட்டும் நட்சத்திரக் குறியை எடுத்துவிட்ட பிறகு எனக்குத் தெரிவியுங்கள், மீண்டும் விண்ணப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு மென்பொருள் சோதனைப் பொறியாளர்