குடிக்கும் போதைக்கும் ஆட்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வருவதாகச் சொல்லிவிட்டு வராதவர்களுக்கும் வணக்கம்.

வாராந்திரக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மனநல மருத்துவர் இருமுறை வந்து பேசினார். புத்தக அலமாரிக்குப் பூட்டு மாற்றப்பட்டது. செயற்குழு கூடியது, ஆள் போதாமல் இரண்டு முறை கலைந்தது.

இனி, இரவுத் தொலைபேசி. 'செயலாளரின் சொந்த ஆசைக்குச் சங்கப் பணம் போகிறது' என்று என் காதுபடவே பேசினார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளை வீட்டுக்கு வராத இரவிலும், வந்து கதவை உடைக்கிற இரவிலும் கவுன்சலர் போனை எடுக்கமாட்டார். சொந்தக்காரர்களிடம் வாய் திறக்க முடியாது. அந்நேரத்தில் இதே பாடு பட்ட ஒருவர் எடுத்துப் பேசினால் போதும் என்பதுதான் யோசனை. ஒரே கைபேசி, ஆளுக்கொரு இரவு. ஆரம்பத்தில் பதினொரு பேர் கை தூக்கினார்கள். மூன்றாம் மாதம் நான்கு பேர். இப்போது நானும் பொருளாளரும் மட்டும்தான்.

ஒரு நாள் இரவு இரண்டரை மணிக்கு ஒரு அம்மா கூப்பிட்டார். "பையன் குடியை விட்டுட்டான்மா, மூணு நாளாச்சு. நானே ரூம்ல வச்சுப் பூட்டிப் பார்த்துக்கறேன்" என்றார். சரி, அப்புறம் எதற்கு இந்த நேரத்தில் போன்? கை நடுங்குகிறதாம், வேர்த்துக் கொட்டுகிறதாம், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருக்கிறானாம். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், நான்காம் நாளுக்குள் ஜன்னியும் வரலாம், உயிரே போகலாம் என்று டாக்டர் நம் கூட்டத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. பூட்டைத் திறந்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். பையன் பிழைத்துக்கொண்டான். குடும்பம் இரண்டு கூட்டத்துக்கு வந்தது. சந்தா இன்னும் வரவில்லை.

சந்தாவைவிட ஆள் வராததுதான் எனக்கு வருத்தம். பிள்ளை தேறியதும் சங்கம் மறந்துபோகிறது. மறுபடி சறுக்கினால் நினைவு வருகிறது. வரட்டும், சங்கம் இருப்பதே அதற்குத்தான். ஆனால் புதிதாக வருகிறவர் கண்ணுக்கு இந்த அறையில் அழுகிறவர்கள் மட்டும்தானே தெரிகிறார்கள்? குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கான அல்-அனான் அமைப்பை லோயிஸ் வில்சன் 1951-ல் தொடங்கியபோது, அவர் கணவர் குடியை விட்டுப் பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. நம் வீட்டில்தான் சரியாகிவிட்டதே என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை.

நானும் ஏழு வாரம் வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள். பதினான்கு மாதம் சுத்தமாக இருந்த என் மகன் திரும்ப ஹெராயினைத் தொட்டான். இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஹாலில் கிடந்தவனுக்கு உதடெல்லாம் நீலம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, ஹெராயின் அடக்கிய மூச்சை மீட்கும் நலாக்சோன் ஸ்ப்ரேயை மூக்கில் அடித்தேன். சில நிமிடத்தில் மூச்சு வந்தது. அந்த மருந்து 30 முதல் 90 நிமிடம்தான் தாங்கும், அதற்குப் பிறகு மூச்சு மறுபடி அடங்கலாம் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். இதற்கான பயிற்சியை நான் வற்புறுத்தி நடத்திய நாளில் ஆறே பேர் வந்திருந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

'செயலாளர் வீட்டிலேயே இப்படியா' என்றார்களாம். இதற்கு நாம் காரணமில்லை, நம்மால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று வாராவாரம் சேர்ந்து சொல்கிறோம். செயலாளருக்கு அதில் விலக்கு உண்டு என்று நம் விதிகளில் எங்கும் இல்லை. மகன் இப்போது ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்தை எடுக்கிறான். 'அதுவும் போதைதானே' என்று கேட்ட உறுப்பினருக்கு: அது 2005 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அவன் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறான்.

வரவு செலவு ஏறக்குறைய நேராக நிற்கிறது. கைபேசிக்கான செலவில் ஒரு பகுதி வேறு வழியில் சரிக்கட்டப்பட்டது. விவரம் பொருளாளரிடம் உண்டு. டாக்டருக்கும், அறை தந்தவர்களுக்கும், நாற்காலி அடுக்கியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யார் ஏற்றாலும் எனக்குச் சம்மதம்தான். யாரும் முன்வராவிட்டால் என்ன செய்வது என்பதைச் சபையே சொல்லட்டும். செவ்வாய், வியாழன், சனி இரவுகளுக்கு ஆள் இல்லை. கூட்டம் முடிந்ததும் கைபேசியை இந்த மேசைமேல் வைக்கிறேன். சார்ஜரும் கூடவே இருக்கும்.