சத்தம் வந்ததும் ஷாக் அப்சார்பரை மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வண்டிகளின் அடிப்பாகத்தை அண்ணாந்து பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். குடும்பத்தோடு போய்வருகிற எஸ்யூவிகளில், சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனில் கிளம்பும் சத்தம் பற்றி உங்கள் வாசகர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பக்கம் 'டக் டக்' என்றதும் "ஷாக் அப்சார்பர் போயிடுச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எது தேய்ந்திருக்கிறது என்று கையால் தொட்டு உறுதி செய்யாமல் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது.

சமீபத்தில் ஒரு வண்டி வந்தது. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னப் பள்ளங்களில் இடது முன்பக்கம் தட்டுகிறது. வேறொரு பட்டறையில் முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றியும் சத்தம் அப்படியே இருந்தது. உரிமையாளரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கியபோது சத்தமே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்ததும் தட்டியது. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பதற்காக இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக ஏறினால் அதற்கு வேலை இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஏறும்போதுதான் அது முறுக்கிக்கொள்ளும். அந்தக் கம்பியின் முனையில் இருக்கும் லிங்க் ராடு தேய்ந்திருந்தால் அப்போதுதான் தட்டும்.

இதைப் பரிசோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பக்கத்துக்கு மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்கை இறுக்கிவிடும், ஆட்டம் தெரியாது. நல்ல மெக்கானிக்குகளும் தேய்ந்த லிங்கைத் தவறவிடுவது இதனால்தான். நான் வண்டியைக் குழியின் மேல் நாலு சக்கரமும் தரையில் ஊன்றி நிற்கும்படி நிறுத்தினேன். லிங்கின் மூட்டில் விரல் வைத்துக்கொண்டு, மேலே இருந்தவரை வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரல் நுனியில் 'டொக்' என்று தெறித்தது. மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே துருப்பொடி படிந்திருந்தது. லிங்க் ராடை மாற்றியதும் சத்தம் நின்றது. கழற்றி எறியப்பட்ட பழைய ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு இருந்ததா என்று கேட்டேன். அவற்றை யாரும் உரிமையாளரிடம் காட்டவே இல்லையாம். இது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம்.

மற்ற சத்தங்களும் தாங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லிவிடும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சுருள் ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால், ஷாக் அப்சார்பரின் தலையில் இருக்கும் மவுன்ட்டையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும். பிரேக் போடும்போதும், ரிவர்ஸில் இருந்து முன்னால் நகரும்போதும் ஒரே ஒரு 'டம்' வந்தால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷை, அதாவது அதன் மூட்டில் இருக்கும் ரப்பரைச் சந்தேகிக்கலாம். கரடுமுரடான சாலையில் பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டால் பெரும்பாலும் அது சஸ்பென்ஷனே இல்லை, பிரேக் பேடோ அதைப் பிடித்திருக்கும் காலிப்பரோ ஆடுகிறது. புஷ்ஷின் 'கீச் கீச்' சத்தத்துக்கு, ஒவ்வொரு ரப்பராகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எதை நனைத்ததும் கொஞ்ச நேரம் அடங்குகிறதோ அதுதான் இடம். எஞ்சின் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் ஊறி உப்பிவிடும். அப்புறம், இதெல்லாம் பார்ப்பதற்கு முன் டிக்கியில் இருக்கும் ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் இறுக்கிக் கட்டிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

காத்திருக்கக் கூடாதது பால் ஜாயின்ட், அதாவது ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு. சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று அசைகிறதா? வீல் பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம். எது என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பால் ஜாயின்ட் கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியை எடுக்காதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் வேண்டாம், ஸ்டாண்ட் கொடுங்கள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒன்று. புதிய புஷ் சில மாதங்களிலேயே கிழிந்துவிட்டது என்று வருகிற வண்டிகளில் பல நேரம் குற்றம் ரப்பரில் இல்லை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே போகிறது. போல்ட் பிடித்துக்கொண்ட புஷ் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே வேலை செய்கிறது, சீக்கிரமே கிழிகிறது. கையால் திருகி வைத்துவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, கம்பெனி சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். கூடுதலாகக் கொஞ்ச நேரம்தான் ஆகும். ஆர்மையோ, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டையோ மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் அனுப்பாதீர்கள், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்துபோகும்.

வாசகர்கள் வண்டியை விடும்போது "சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டாம். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், திருப்பும்போதா, பிரேக் போடும்போதா, வண்டி நிறைய ஆள் இருக்கும்போதா என்று எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்க வையுங்கள். பாகத்தைக் கழற்றும் முன்பே அதன் ஆட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் வேறு பட்டறைக்குப் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாகன மெக்கானிக்